மத்திய அரசு வேலையில் தகுதியை எப்படி அளப்பது? வேலூர் நண்பர்கள் கருத்துச் சொல்லுங்கள்

பாலாறு வாசி:
வணக்கம். மத்திய அரசுத் துறை ஒன்றில் பணிக்காலம் முழுவதும் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பதவி உயர்வுக் குழுவில், அதாவது டி.பி.சி.யில், பலமுறை உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் இருப்பதை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகுதி என்று சொன்னாலே நமக்கு யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி. பரீட்சைதான் ஞாபகம் வருகிறது. 1855-இல் லண்டனில் ஐ.சி.எஸ்.ஸுக்கு, அதாவது வெள்ளைக்காரர் காலத்து உயர் நிர்வாகப் பணிக்கு, போட்டித் தேர்வு வைத்ததில் தொடங்கி, 1926-இல் பப்ளிக் சர்வீஸ் கமிஷன், பிறகு அரசியல் சட்டத்தின் 315-ஆம் பிரிவு என்று, வேலைக்குள் நுழையும் வாசலைப் பலமாகக் கட்டி வைத்திருக்கிறோம். நல்ல விஷயம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உள்ளே வந்த பிறகு? இருபத்திரண்டு வயதில் ஒரு பிள்ளை எழுதிய பரீட்சையை வைத்து அறுபது வயது வரை அவன் திறமைசாலி என்று முடிவு கட்டிவிடுகிறோம். நடுவில் அவன் எப்படி வேலை செய்தான் என்று அளக்க ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் காலத்தில் சி.ஆர்., இப்போது ஏ.பி.ஏ.ஆர். அந்த அறிக்கை ஒழுங்காக எழுதப்படுவதில்லை. என் வாதமே இதுதான்.

டி.பி.சி. மேஜையில் ஒவ்வொருவருக்கும் கடந்த ஐந்தாண்டு அறிக்கைகள் வரும். பத்துக்கு எட்டரை, எட்டே முக்கால், ஒன்பது என்று எல்லாருக்கும் மதிப்பெண் குவிந்திருக்கும். குறிப்பு எழுதும் கட்டத்தில் "கடின உழைப்பாளி, ஒத்துழைப்பவர், நேர்மை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது" என்று ஒரே அதிகாரி தன் கீழே இருக்கிற எல்லாருக்கும் ஒரே வரியை எழுதியிருப்பார். ஒரு அறிக்கையில் பாதிக்கு மேல் வேறொருவர் பெயர் இருந்தது. போன வருஷம் இன்னொருவருக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், பெயரைக்கூட மாற்றவில்லை. மேலே பரிசீலனை அதிகாரி அதிலும் "ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஊழியர் உண்மையிலேயே கெட்டிக்காரரா இல்லையா என்று அந்தக் குழுவில் யாருக்குமே தெரியாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

காட்பாடி தம்பி:
சார், நான் சி.ஜி.எல்., அதாவது பட்டதாரிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு, எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. ராத்திரி பகலாகப் படித்து உள்ளே போகிறோம், போன பிறகு நன்றாக வேலை செய்தவனுக்கும் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கும் ஒரே மதிப்பெண் என்றால் எதற்காக உழைக்க வேண்டும்? ஒன்பது வாங்கியவன் ஏழு வாங்கியவனைத் தாண்டி முதலில் பதவி உயர்வு பெற முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்கள்.

பாலாறு வாசி:
முடியாது தம்பி. 2002 பிப்ரவரியில் பணியாளர் துறை போட்ட உத்தரவு அப்படி. அதற்கு முன்பு மேல்மட்டப் பதவிகளுக்கு 'மிகச் சிறப்பு' வாங்கியவர்கள் 'மிக நன்று' வாங்கியவர்களைத் தாண்டிப் போக முடியும். அந்த உத்தரவுக்குப் பிறகு டி.பி.சி. பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், குறிப்பிட்ட தர அளவை எட்டினாரா இல்லையா. எட்டினால் தகுதியுள்ளவர், எட்டாவிட்டால் தகுதியில்லாதவர். எட்டியவர்கள் எல்லாரையும் பணிமூப்புப்படி வரிசையாக அடுக்குவார்கள். ஒருவரை ஒருவர் தாண்டுவது கிடையாது.

இது தகுதிக்கு விரோதம் என்று உனக்குத் தோன்றும். அன்றைக்கு இருந்த நிலைமையையும் பார்க்க வேண்டும். 'மிகச் சிறப்பு' என்பது திறமைக்குக் கிடைத்ததா, பெரிய அதிகாரிக்கு வேண்டியவர் என்பதற்குக் கிடைத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை இருந்தது. அளவுகோலே கோணல் என்றால் அதை வைத்து ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் என்று வித்தியாசம் பார்ப்பது அநியாயம்தானே? பணிமூப்பையாவது யாரும் திருத்தி எழுத முடியாது, அதனால்தான் சங்கங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. அறிக்கையைச் சரி செய்யாமல் பணிமூப்பைத் தூக்கினால் கோஷ்டி அரசியல்தான் மிஞ்சும்.

சீக்கிரம் மேலே போக உனக்கு ஒரு வழி உண்டு. துறைக்குள் நடக்கும் போட்டித் தேர்வு. ரயில்வேயில் குரூப் சி-யிலிருந்து குரூப் பி-க்குப் போகிற இடங்களில் 30 சதவீதம் அந்தத் தேர்வுக்குத்தான். தபால் துறையிலும் அடிமட்டத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வரைக்கும் பரீட்சை எழுதியே ஏறி வந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆம்பூர் ஷூ:
நான் தனியார் ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்ஷன் மேனேஜர். அய்யா சொல்வது எல்லாம் சரி, ஆனால் சுற்றி வளைக்கிறார். வேலை செய்யாதவனை வீட்டுக்கு அனுப்ப முடியாத இடத்தில் மதிப்பெண்ணை எப்படிப் போட்டால் என்ன? எங்கள் லைனில் ஒரு நாள் டார்கெட் குறைந்தால் அன்றைக்கே தெரியும், யார் மேஜையில் தேங்கியது என்றும் தெரியும். இங்கே அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவு என்று ஒரு கேடயம் இருக்கிறது, யாரையும் தொட முடியாது.

வாலாஜா வக்கீல்:
ஆம்பூர் நண்பரே, 311 அப்படிச் சொல்லவில்லை. விசாரணை வைக்காமல், குற்றச்சாட்டு என்ன என்று சொல்லாமல், பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நீக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. மந்திரிக்குப் பிடிக்காத கோப்பில் நேர்மையாக எழுதிய அதிகாரியை மறுநாளே தூக்கிவிடாமல் இருக்க அது வேண்டும். வேலை செய்யாதவரை அனுப்ப வழி இல்லாமலும் இல்லை. அடிப்படை விதி 56(j) இருக்கிறது. ஐம்பது அல்லது ஐம்பத்தைந்து வயதில், பணியில் சேர்ந்த வயதையும் குரூப்பையும் பொறுத்து, பொதுநலன் கருதிக் கட்டாய ஓய்வு கொடுக்கலாம். அது தண்டனை ஆகாது என்று 1992-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020 ஆகஸ்டில் மத்திய அரசு அதற்கான நடைமுறையை ஒரே உத்தரவில் தொகுத்தும் கொடுத்தது. ஆனால் பாருங்கள், 56(j)-இல் ஒருவரை அனுப்பவும் அதே ஆண்டு அறிக்கைகளைத்தான் முக்கியமாகப் புரட்டுகிறார்கள். வருஷா வருஷம் எட்டரை போட்டுவிட்டு ஐம்பது வயதில் திடீரென்று லாயக்கில்லை என்றால் எந்தக் கோர்ட் நம்பும்? எங்கே சுற்றினாலும் அய்யா சொன்ன காகிதத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

குடியாத்தம் வாத்தியார்:
நல்ல விவாதம். ஒரு விஷயம் விட்டுப்போகிறது. தகுதி என்று பேச ஆரம்பித்தாலே யாராவது ஒருவர் இட ஒதுக்கீட்டை இழுப்பார், அதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன். நம் மாகாணத்தில் தகுதியும் பிரதிநிதித்துவமும் சேர்ந்தே வளர்ந்தவை. நீதிக் கட்சி ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி அரசாணை, 1924-இல் ஊழியர் தேர்வு வாரியம், பிறகு சுப்பராயன் ஆட்சியில் 1929-இல் சென்னை மாகாணத்துக்கென்று தனி சர்வீஸ் கமிஷன். வேறு எந்த மாகாணத்திலும் அன்றைக்கு அப்படி ஒன்று கிடையாது. அதுவரை பெரிய குமாஸ்தா தன் மருமகனையும் மைத்துனனையும் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்த காலம். அந்தச் சிபாரிசை உடைக்க இரண்டும் வேண்டியிருந்தது, யார் வேண்டுமானாலும் போட்டி போடலாம் என்பதும் வேண்டும், எல்லாச் சாதியும் உள்ளே இருக்க வேண்டும் என்பதும் வேண்டும்.

ஒதுக்கீட்டில் வந்தவர்களால் வேலை கெட்டுவிட்டது என்று டீக்கடையில் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். அஸ்வினி தேஷ்பாண்டே, தாமஸ் வைஸ்கோஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையான கணக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒதுக்கீட்டில் வந்தவர்கள் அதிகம் இருந்த மண்டலங்களில் உற்பத்தித் திறன் குறைந்ததற்கு ஆதாரமே இல்லை. மேல்மட்டப் பதவிகளில் கொஞ்சம் கூடியிருக்கலாம் என்பதற்குத்தான் தடயம் கிடைத்தது. 1995-இல் அரசியல் சட்டத்தின் 77-ஆவது திருத்தம் மூலம் பதவி உயர்விலும் ஒதுக்கீடு தொடரும் என்று ஆனபோது போட்ட கூச்சல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரயில் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலதிகாரியின் மனதில் சாதி இருந்தால் அது முதலில் இறங்குவது அந்த மதிப்பீட்டு அறிக்கையில்தான். நேர்காணலையாவது நாலு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். அறிக்கையை ஒருவர் தனி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்.

காட்பாடி தம்பி:
வாத்தியார் சொன்ன நேர்காணல் விஷயம் உண்மைதான். 2016 ஜனவரியிலிருந்து குரூப் பி கெசட்டட் அல்லாத பதவிகளுக்கும் அதற்குக் கீழேயும் மத்திய அரசில் நேர்காணலையே எடுத்துவிட்டார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் லேட்டரல் என்ட்ரி பற்றி யாரும் பேசவில்லையே? வெளியிலிருந்து நிபுணர்களைக் கொண்டுவந்தால் தகுதி தானாகவே உயரும் என்று டிவியில் சொல்கிறார்கள்.

பாலாறு வாசி:
2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு யு.பி.எஸ்.சி. விளம்பரம் போட்டு, அதில் இட ஒதுக்கீடு இல்லை என்று எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்று நாளில் திரும்பப் பெற்றார்கள், ஞாபகம் இருக்கும். எனக்கு வெளியாட்கள் மீது வெறுப்பு இல்லை. ஒரு சில துறைகளில் தேவைதான். ஆனால் உள்ளே இருக்கிற லட்சக்கணக்கானவர்களில் யாருக்கு என்ன தெரியும் என்று பதிவு வைத்துக்கொள்ளாத நிர்வாகம், ஆள் இல்லை என்று வெளியே தேடுவது முறையா? கணக்குத் தணிக்கையில் புலியாக இருந்த ஒருவரை ஸ்டோர்ஸ் பிரிவில் போட்டு வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், காலியிடம் அங்கேதான் இருந்தது என்றார்கள். 2020 செப்டம்பரில் மிஷன் கர்மயோகி என்று கொண்டுவந்தார்கள், இணையத்தில் பாடங்கள் படிக்கலாம், எந்த நாற்காலிக்கு என்ன திறமை வேண்டும் என்று பட்டியல் போட வேண்டும் என்பது திட்டம். எண்ணம் நல்ல எண்ணம். பாடத்தை முடித்ததற்குச் சான்றிதழ் வாங்குவதோடு நின்றுவிடாமல், கற்றவரை அந்த வேலைக்கு அனுப்பினால்தான் பலன்.

மேல்மட்டத்தில் இன்னொரு கூத்து. ஜாயின்ட் செகரட்டரி, அதற்கு மேலே உள்ள பதவிகளுக்குப் பட்டியல் தயாரிக்கும்போது அறிக்கைகளை நம்ப முடியவில்லை என்று, கூட வேலை செய்தவர்களிடம் ரகசியமாக விசாரிக்கிறார்கள். 360 டிகிரி என்று பெயர். யார் என்ன சொன்னார் என்று சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாது. 2017-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே இது ஒளிவுமறைவாக இருக்கிறது என்று குறை சொன்னது. கோணலான அளவுகோலுக்குப் பதில் கண்ணுக்கே தெரியாத அளவுகோல்.

ஆம்பூர் ஷூ:
அப்படியென்றால் கட்டாயமாகப் பங்கு பிரித்துவிடுங்கள். பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் ஒன்பது, ஒருவருக்கு நாலு. வேறு வழியே இல்லாமல் அதிகாரி யோசித்துப் போடுவார்.

காட்பாடி தம்பி:
அண்ணே, என் மாமா மகன் ஐ.டி.யில் இருந்தபோது இதே முறைதான். டீமில் எல்லாரும் நன்றாகச் செய்தாலும் ஒருவர் தலையில் கட்டாயம் விழும். பக்கத்து சீட்காரனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டார்களாம். மைக்ரோசாஃப்ட்டே 2013-இல் இந்த முறையைத் தூக்கிப் போட்டுவிட்டது. மூன்று பேர் இருக்கிற சின்ன ஆபீஸில் யாருக்கு நாலு போடுவீர்கள்?

தொரப்பாடி அக்கா:
இத்தனை பேர் பேசுகிறீர்கள், நான் இப்போது அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். பொதுமக்கள் வரும் கவுண்டரில் வேலை, மத்திய அரசு அலுவலகம், எந்தத் துறை என்று சொல்ல வேண்டாம். நம் ஊருக்கு வைத்தியத்துக்காக வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று தினமும் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நிறையப் பேருக்குப் படிவம் நிரப்பவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு ஓடி வருவார்கள். நான் கொஞ்சம் கொஞ்சமாக வங்காள மொழியில் பேசக் கற்றுக்கொண்டேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவர்கள் எழுத்திலேயே ஒரு மாதிரிப் படிவம் எழுதவைத்து கண்ணாடியில் ஒட்டினேன். அதற்குப் பிறகு தப்பாக நிரப்பித் திரும்பி வருவது நன்றாகக் குறைந்தது, பக்கத்து கவுண்டர்காரர்களும் சந்தேகம் என்றால் என்னிடம்தான் அனுப்புவார்கள்.

என் வேலைக்கான இலக்கு என்று வருஷ ஆரம்பத்தில் கொடுத்தது இரண்டே எண்ணிக்கை. நம் ஊரில் தங்காமல் போகிறவர்களை அந்த எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. அவர்களுக்கு நேரம் செலவழித்ததால் என் எண்ணிக்கை குறைந்தது. இந்த வருஷ மதிப்பெண் 5.8. "இலக்கை எட்ட மேலும் முயற்சி தேவை" என்று ஒரே வரி. முந்தைய வருஷங்களில் எல்லாம் ஏழரைக்கு மேல். ஆபீஸில் கேட்டால், "நன்று என்றுதானேம்மா வந்திருக்கு, கெட்டது ஒன்றும் எழுதலையே, விடு" என்கிறார்கள். எனக்கு இருபது வருஷ எம்.ஏ.சி.பி., அதாவது பதவி உயர்வு இல்லாவிட்டாலும் பணிக்காலத்தை வைத்துத் தரும் சம்பள உயர்வு, வர வேண்டிய நேரம்.

வாலாஜா வக்கீல்:
விடாதீங்க அக்கா. முதலில் மதிப்பெண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். எட்டிலிருந்து பத்து மிகச் சிறப்பு, ஆறிலிருந்து எட்டுக்குள் மிக நன்று, நாலிலிருந்து ஆறுக்குள் நன்று. எம்.ஏ.சி.பி.க்கு முன்பு 'நன்று' போதும். ஏழாவது சம்பளக் கமிஷன் பரிந்துரையை ஏற்று 2016 ஜூலையிலிருந்து 'மிக நன்று' வேண்டும் என்று உயர்த்திவிட்டார்கள். ஆக 5.8 என்பது பெயருக்கு 'நன்று', பலனில் உங்கள் சம்பள உயர்வை அடைக்கும் கதவு.

இதே கதைதான் தேவ் தத் வழக்கு. எல்லைச் சாலைகள் அமைப்பில் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர். பதவி உயர்வுக்கு ஐந்தாண்டும் 'மிக நன்று' வேண்டும், அவருக்கு 1993-94-க்கு மட்டும் 'நன்று'. அது பாதகமான குறிப்பு இல்லையே என்று, அந்த 'நன்று' பற்றி அவரிடம் தெரிவிக்கவே இல்லை. இளையவர்கள் மேலே போய்விட்டார்கள். 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஒருவரின் பதவி உயர்வைக் கெடுக்கும் என்றால் 'நன்று' என்பதும் பாதகமான குறிப்புதான், எந்தக் குறிப்பாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அது வருத்தம். ஆனால் அதன் பிறகு 2009 மே உத்தரவு வந்து முழு அறிக்கையையும், நேர்மை பற்றிய குறிப்பு உட்பட, ஊழியரிடம் காட்ட வேண்டும் என்றானது. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. உங்கள் கையில் அந்தத் தாள் இருப்பதே அந்த எஞ்சினியர் விடாமல் கோர்ட்டுக்குப் போனதால்தான்.

அறிக்கை உங்களிடம் வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் முறையீடு கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் இறுதியானதாக எடுத்துக்கொள்வார்கள். கொடுத்தால், அதிகாரம் உள்ளவர் காரணம் காட்டிப் பதில் உத்தரவு போட வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், சென்னையில் கிளை இருக்கிறது. முதல் படியை ஒழுங்காகச் செய்தவர்களுக்குத்தான் அங்கே வழக்கு நிற்கும்.

பாலாறு வாசி:
அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. இப்படி ஒரு ஊழியரை அடையாளம் காண முடியாத அறிக்கையை வைத்துக்கொண்டு நிர்வாகச் சீர்திருத்தம் என்று எதைப் பேசுவது? 2008-இல் வீரப்ப மொய்லி தலைமையிலான சீர்திருத்த ஆணையம் பதினாலு வருஷத்தில் ஒரு தடவை, இருபது வருஷத்தில் ஒரு தடவை ஊழியரை முழுமையாகச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. நான் அதற்கு ஆதரவுதான். ஆனால் யார் சீர்தூக்குவது, எதை வைத்து? கவுண்டர் கண்ணாடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஒரு நாளாவது வந்து பார்த்த அதிகாரி எழுதினால்தான் அதற்கு அர்த்தம். அறிக்கை எழுதுவதையே அதிகாரியின் வேலையாக மதிப்பிட வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். ஒரே வரியை எல்லாருக்கும் எழுதுகிறவருக்கு அவருடைய அறிக்கையில் மதிப்பெண் குறையட்டும். ஏழுக்குமேல் போட்டாலும் ஆறுக்குக்கீழ் போட்டாலும் ஒரு நிகழ்ச்சியாவது குறிப்பிட்டு எழுத வேண்டும் என்று வையுங்கள், பாதி நோய் போய்விடும்.

ஒரு கேள்வி, உங்கள் சுயமதிப்பீட்டில் இந்த மாதிரிப் படிவம் விஷயத்தை எழுதியிருந்தீர்களா?

தொரப்பாடி அக்கா:
எழுதியிருக்கிறேன் அய்யா. ஏப்ரல் 15-க்குள் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன், நகலும் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. தாள் கைக்கு வந்தது போன வியாழக்கிழமை.

வாலாஜா வக்கீல்:
அப்போது அவகாசம் இருக்கிறது. சுயமதிப்பீட்டில் சொன்னதை அறிக்கை எழுதியவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை என்பதையே முதல் காரணமாக வையுங்கள். முந்தைய வருஷ மதிப்பெண்களை வரிசையாகக் காட்டி, இந்த ஒரு வருஷம் ஏன் விழுந்தது என்பதற்குக் குறைபாடு எதுவும் எழுத்தில் சுட்டிக்காட்டப்படவில்லை என்று எழுதுங்கள். மெமோ எதுவும் வாங்கவில்லைதானே? கோபமாக ஒரு வரியும் வேண்டாம். அதிகாரியைப் பற்றி எழுதாதீர்கள், வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

தொரப்பாடி அக்கா:
மெமோ எதுவும் இல்லை. இன்றைக்கு ராத்திரி எழுதி, பெயர், ஆபீஸ் விவரம் எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பாலாறு வாசி:
போடுங்கம்மா. அந்தப் படிவத்தின் ஒரு பிரதியையும் இணைப்பாக வையுங்கள், ஒட்டிய தேதியோடு. பக்கத்து கவுண்டர்காரர்கள் உங்களிடம் ஆள் அனுப்பியதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். டி.பி.சி.யில் இருக்கும்போது நாங்கள் தேடித் தேடிக் கிடைக்காமல் போனது இந்த மாதிரித் தகவல்தான்.